பொய் எந்த வரியில் இருக்கிறது?

'பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடையளி' என்ற பகுதியை நாம் ஆண்டு முழுவதும் நடத்துகிறோம். மாணவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். வினாவில் உள்ள ஒரு சொல்லைப் பத்தியில் தேடுகிறார்கள். அந்தச் சொல் இருக்கும் வரியை அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. பத்தி புரிந்ததா என்றால், பல நேரங்களில் இல்லை.

அப்படி வரியைத் தூக்கி எழுதித் தப்பிக்க முடியாத ஒரு வாசிப்பை நான் பார்த்தது ஒரு வீடியோ கேமில். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் உருவாக்கிய 'ஏஸ் அட்டர்னி' என்ற விளையாட்டு அது. கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். துப்பாக்கி இல்லை, கார் பந்தயம் இல்லை. அவன் படித்துக்கொண்டே இருந்தான். நடுநடுவே முன்னே போய், படித்த வரியையே மறுபடி படித்தான். தமிழாசிரியரான எனக்கு ஆர்வம் வந்தது அங்கேதான்.

படிப்பதே விளையாட்டு

இவ்வகை விளையாட்டுகளைக் காட்சி நாவல் என்கிறார்கள். திரையில் ஒரு பின்னணிப் படம், அதன் மேல் பேசுபவரின் உருவம், கீழே ஒரு பெட்டியில் உரையாடல். பொத்தானைத் தொட்டால் அடுத்த வரி வரும். ஏறக்குறைய படக்கதை போன்றது. ஆனால் சில இடங்களில் கதை நின்று, 'இப்போது என்ன செய்யப் போகிறாய்?' என்று நம்மைக் கேட்கும்.

இதன் வேர் பழையது. 1983இல் யூஜி ஹோரி என்பவர், கோபே நகரில் நடக்கும் ஒரு கொலையைத் துப்பறியும் 'போர்டோப்பியா' என்ற கணினி விளையாட்டை எழுதினார். யாரை விசாரிப்பது, எங்கே போவது, எதைத் தேடுவது என்று விளையாடுபவரே கட்டளை தர வேண்டும். இதே ஹோரிதான் 1986இல் 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டை உருவாக்கிப் பெரும்புகழ் பெற்றார். துப்பறியும் கதையைப் படிக்கும் வாசகன், தானே துப்பறிபவனாகவும் ஆகலாம் என்ற எண்ணம் ஜப்பானில் அப்போதே வேரூன்றிவிட்டது.

'ஏஸ் அட்டர்னி' 2001 அக்டோபரில் கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்காக வெளிவந்தது. எழுதி இயக்கியவர் ஷூ டக்குமி. துப்பறியும் கதைகளில் ஊறியவர். ஏழு பேர் கொண்ட சிறிய குழுவே இதைச் செய்து முடித்தது. 2005இல் ஆங்கிலத்தில் வந்தபோது உலகெங்கும் பரவியது. இதை ஒரே வகைக்குள் அடைப்பது கடினம். பாதி, சம்பவ இடத்துக்குப் போய்ப் பொருள்களை ஆராய்ந்து ஆட்களிடம் பேசும் சாகச விளையாட்டு. மறுபாதி, நீதிமன்ற நாடகம். இரண்டுக்கும் ஊடே நகைச்சுவை, கொஞ்சம் ஆவி வரவழைத்தல்கூட உண்டு. ஒரு வழக்கில் கிளியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்.

நாம் ஏற்கும் பாத்திரம் ஃபீனிக்ஸ் ரைட். 24 வயது, புதிதாகத் தொழிலுக்கு வந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞர். இவரிடம் வருபவர்கள் எல்லோரும், பார்த்தவுடனே 'இவர்தான் செய்திருப்பார்' என்று ஊர் முடிவு கட்டிவிட்டவர்கள்.

மூன்று மணி நேரக் குழப்பம்

முதல் வழக்கைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இந்த விளையாட்டின் வேலை முழுவதும் அதிலேயே தெரிந்துவிடும். குற்றவாளி யார் என்பதைத் தொடக்கக் காட்சியிலேயே காட்டிவிடுவதால், நான் சொல்வதால் சுவை கெடாது. யார் செய்தார் என்பது நமக்குத் தெரியும். நிரூபிப்பதுதான் வேலை.

சின்டி ஸ்டோன் என்ற பெண் தன் வீட்டில் கொல்லப்பட்டிருக்கிறார். பிடிபட்டவர் அவரோடு பழகிய லாரி பட்ஸ், ரைட்டின் பள்ளித் தோழர். செய்தித்தாள் சந்தா சேர்ப்பவரான ஃபிராங்க் சாவிட் சாட்சி சொல்ல வருகிறார். வீட்டிலிருந்து ஓர் ஆள் ஓடியதைப் பார்த்தாராம், எட்டிப் பார்த்தபோது பெண் இறந்து கிடந்தாராம். அப்போது மணி பிற்பகல் 1 என்கிறார்.

அவர் சொன்னது ஐந்தாறு வாக்கியங்களாகப் பிரிந்து திரையில் வரும். நம் கையில் சான்றுப் பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள பிரேதப் பரிசோதனை அறிக்கை, மரணம் மாலை 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் நேர்ந்தது என்கிறது. பிற்பகல் 1 மணிக்கு எப்படி உடலைப் பார்த்திருக்க முடியும்? அந்த வாக்கியத்தில் நிறுத்தி, அந்த அறிக்கையை நீட்ட வேண்டும். சரியான வாக்கியம், சரியான சான்று, இரண்டும் சேர்ந்தால்தான் ரைட் விரலை நீட்டி 'ஆட்சேபணை!' என்று முழங்குவார்.

சாட்சி உடனே மாற்றிச் சொல்கிறார். உள்ளே தொலைக்காட்சி ஓடியது, அதில் நேரம் சொன்னதைக் கேட்டேன் என்கிறார். சான்றுப் பட்டியலில் ஒரு மின்தடைக் குறிப்பு: அந்தக் கட்டடத்தில் நண்பகல் முதல் மாலை 6 மணி வரை மின்சாரம் இல்லை. பிறகு, மேசைக் கடிகாரத்தில் தெரிந்துகொண்டேன் என்கிறார். அறையில் கடிகாரம் என்று எதுவும் இல்லை. கொலைக்குப் பயன்பட்ட சிலைதான் கடிகாரம். பார்த்தால் வெறும் சிலை, அசைத்தால் மணி சொல்லும். அது கடிகாரம் என்று தெரிய வேண்டுமானால் அது ஒலிப்பதைக் கேட்டிருக்க வேண்டும்.

கடைசிச் சிக்கல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நீதிமன்றத்தில் அந்தக் கடிகாரத்தை அசைத்துப் பார்க்கிறார்கள். அது 3 மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. மாலை 4 மணியை அது 1 மணி என்று சொல்லியிருக்கும். அப்படியானால் கொலை நாளிலும் அது பின்தங்கித்தான் ஓடியது என்பதற்கு என்ன ஆதாரம்? இறந்தவரின் பாஸ்போர்ட். முந்தைய நாள்தான் அவர் பாரிஸிலிருந்து திரும்பியிருக்கிறார். பாரிஸ் நேரம் அமெரிக்க மேற்குக் கரையைவிட 9 மணி நேரம் முன்னால் இருக்கும். இங்கே மாலை 4 என்றால் அங்கே நள்ளிரவு தாண்டி 1 மணி. கடிகாரம் 3 மணி நேரம் பின்தங்கவில்லை, 9 மணி நேரம் முந்தி ஓடியிருக்கிறது. பன்னிரண்டு மணிக் கணக்கில் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. தீர்க்கக் கோடுகளும் நேர வேறுபாடும் நடத்தும் சமூக அறிவியல் ஆசிரியர்கள் இந்த ஒரு காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஊகத்துக்கு விலை உண்டு

வாக்கியத்தின் மேல் இரண்டு வேலைகள் செய்யலாம். ஒன்று, 'பொறுங்கள்!' என்று குறுக்கிட்டுக் கூடுதல் விவரம் கேட்பது. இதற்குத் தண்டனை அநேகமாக இல்லை. எந்த வரியிலும் கேட்கலாம், கேட்கக் கேட்கச் சாட்சி புதிதாக எதையாவது உளறுவார். மற்றொன்று, சான்றை நீட்டி மறுப்பது. தவறான சான்றை நீட்டினால் நீதிபதி கண்டிப்பார், கையிருப்பில் உள்ள ஐந்து வாய்ப்புகளில் ஒன்று போகும். ஐந்தும் போனால் நம் கட்சிக்காரர் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிடும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல கற்பித்தல் புத்தி இருக்கிறது. கேள்வி கேட்பது இலவசம், குற்றம் சாட்டுவதற்கு விலை. நம் வகுப்புகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது என்று எனக்குத் தோன்றும். சந்தேகம் கேட்கும் மாணவன் கூச்சப்பட வேண்டியிருக்கிறது. யாரையாவது கை காட்டும் மாணவனுக்கு எந்தச் செலவும் இல்லை.

சட்டப் பின்னணியையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் வழக்குத் தொடுக்கப்பட்டவர்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் குற்றவாளிகள் என்றே தீர்ப்பாகிறது. பொதுமக்கள் நீதிபதிகளோடு அமர்ந்து தீர்ப்பு வழங்கும் முறை 2009இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2001இல் வெளிவந்த இந்த விளையாட்டில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒவ்வொரு முறையும் மலையில் முட்டுவது போல் முட்டுகிறார். நீதிமன்றம் பிடிபட்டவரைக் குற்றவாளி என்றே எண்ணித் தொடங்குகிறது, வழக்கை அதிகபட்சம் மூன்று நாளில் முடித்தாக வேண்டும். இது மிகைப்படுத்திய கேலிதான். ஆனாலும் எதைக் கேலி செய்கிறது என்பது அந்த நாட்டு வாசகருக்குப் புரிந்திருக்கும்.

மொழியாசிரியர்களுக்கு ஒரு சிறு செய்தி. பாத்திரப் பெயர்கள் எல்லாம் சொல் விளையாட்டு. ஜப்பானிய மூலத்தில் நாயகனின் குடும்பப் பெயர் 'நருஹோடோ'. 'ஓ, அப்படியா, புரிகிறது' என்று சொல்லும்போது ஜப்பானியர் பயன்படுத்தும் சொல் அது. ஆங்கிலத்தில் 'ரைட்' ஆகிவிட்டது. சாட்சியின் பெயரான 'சாவிட்', 'அதைப் பார்த்தேன்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் ஒலியில் அமைந்தது. தமிழில் பெயர்த்தால் என்ன பெயர் வைக்கலாம் என்று மேல்வகுப்பு மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு பாடவேளை போவதே தெரியாது.

நான்காம் வகுப்பில் ஒரு வழக்கு

ஆசிரியர்கள் இந்த விளையாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் எண்ணியதற்கு முதன்மைக் காரணம் நான்காவது வழக்கில் வரும் ஒரு பழைய நிகழ்ச்சி. ரைட் ஏன் வழக்கறிஞர் ஆனார் என்ற கதை அது.

அவர் நான்காம் வகுப்பில் படித்தபோது, உடன்படித்த மைல்ஸ் எட்ஜ்வொர்த்தின் மதிய உணவுப் பணம் 38 டாலர் காணாமல் போகிறது. திருட்டு நடந்தது உடற்கல்வி வேளையில். அன்று சளி பிடித்திருந்ததால் ரைட் உடற்கல்விக்குப் போகவில்லை. அது போதும். வகுப்பிலேயே நீதிமன்றம் கூட்டுகிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் சிறுவன் ரைட்டைக் கை காட்டுகிறார்கள். ஆசிரியரும் அவர்களோடு சேர்ந்து, மன்னிப்புக் கேள் என்கிறார். அழுதுகொண்டே நிற்கும் பையனுக்கு, ஒருவேளை நாம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ என்றே தோன்றிவிடுகிறது.

அப்போது எழுந்து எதிர்ப்புத் தெரிவிப்பவன், பணத்தைப் பறிகொடுத்த எட்ஜ்வொர்த். நீ எடுத்தாயா என்று கேட்கிறான். இல்லை என்கிறான் ரைட். அப்படியானால் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, எடுத்ததற்கு ஆதாரமே இல்லையே என்கிறான். கூடவே லாரியும் ரைட்டுக்காகக் குரல் கொடுக்கிறான். மூவரும் நண்பர்கள் ஆகிறார்கள். பணத்தை எடுத்தது யார் என்பதும் வழக்கின் முடிவில் தெரியவரும். அதை இங்கே உடைக்க மாட்டேன்.

வளர்ந்த பிறகு எட்ஜ்வொர்த், யாரையும் குற்றவாளி ஆக்கிவிடும் கடுமையான அரசு வழக்கறிஞர் என்று பெயர் எடுக்கிறார். அந்தச் சிறுவனுக்கு என்ன ஆயிற்று என்று நேரில் கேட்கத்தான் ரைட் சட்டம் படித்து நீதிமன்றத்துக்கு வருகிறார். இப்போது எட்ஜ்வொர்த் மேலேயே கொலைப்பழி, அவருக்காக வாதாடுவது ரைட். கூடவே, எட்ஜ்வொர்த்தின் தந்தை கொல்லப்பட்ட ஒரு பழைய வழக்கின் 15 ஆண்டுக் காலவரம்பு முடியப் போகிறது. விளையாட்டு வெளிவந்த காலத்தில் ஜப்பானியச் சட்டத்தில் கொலை வழக்குக்கு அதுவே உண்மையான வரம்பு. 2010இல் அந்த வரம்பையே நீக்கிவிட்டார்கள்.

அந்த நான்காம் வகுப்பு ஆசிரியர் கொடியவர் இல்லை. கதையில் அவருக்குச் சில வரிகள்தான். வகுப்பில் ஒரு பொருள் காணாமல் போனது, பிள்ளைகள் ஒருவனைச் சொல்கிறார்கள், பாடம் நடத்த வேண்டும், விஷயத்தை முடிக்க வேண்டும். இந்த நெருக்கடியை அறியாத ஆசிரியர் நம்மில் யாரும் இருக்க முடியாது. அவர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுதான்: நீங்கள் பார்த்தது என்ன?

சாட்சி அட்டை

என் 8ஆம் வகுப்பில் விளையாட்டைக் காட்டவில்லை, அதன் முறையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அரைப்பக்க அட்டையில் ஐந்து வாக்கியங்களில் ஒரு சாட்சியம், பின்பக்கம் மூன்று சான்றுகள். முதல் அட்டை இது:

'மாலை நாலரை மணிக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். வாசலில் நின்று நேர் எதிரே வேலியைப் பார்த்தேன். வெயில் முகத்துக்கு நேரே அடித்ததால் நெற்றியில் கை வைத்துக்கொண்டு பார்த்தேன். வேலியோரம் ஓர் ஆடு தக்காளிச் செடியைத் தின்றுகொண்டிருந்தது. விரட்டுவதற்குள் ஓடிவிட்டது.'

சான்றுகள்: தோட்டத்தின் வரைபடம் (வாசல் மேற்கில், வேலி கிழக்கில்), தண்ணீர் ஊற்றும் முறைப் பட்டியல், சிதைந்த செடியின் படம்.

முறைப் பட்டியலில் அன்றைக்கு வேறு மாணவியின் பெயர் இருந்தது. பாதி வகுப்பு அதைப் பிடித்துக்கொண்டு முதல் வாக்கியம் பொய் என்றது. 'முறை மாத்திக்கிட்டிருக்கலாம்ல ஐயா?' என்று ஒரு மாணவி கேட்டாள். வகுப்பு அமைதியானது. சந்தேகத்துக்கு இடம் தருவது வேறு, முரண்படுவது வேறு என்று அந்தக் கேள்வியிலிருந்துதான் விளக்க முடிந்தது. மாலை வெயில் மேற்கிலிருந்து வரும், கிழக்கே பார்த்து நிற்பவருக்கு முதுகில்தான் அடிக்கும் என்று மூன்றாம் வாக்கியத்தைக் கண்டுபிடிக்க இன்னும் பத்து நிமிடம் ஆனது. இரண்டாம் வாக்கியத்தையும் மூன்றாம் வாக்கியத்தையும் வரைபடத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் அது வராது. வினாவில் உள்ள சொல்லைத் தேடும் வழி இங்கே உதவவில்லை, ஏனென்றால் வினா என்று எதுவும் இல்லை.

பிறகு ஒரு மாணவன் கேட்டது விளையாட்டிலேயே இல்லாத கேள்வி. 'அந்த வரி தப்புன்னா, செடியைப் பிடுங்குனது சாட்சிதான்னு ஆயிடுமா?' ஆகாது. காலையில் பார்த்ததை மாலை என்று மாற்றிச் சொல்லியிருக்கலாம், யாரையோ காப்பாற்றச் சொல்லியிருக்கலாம். 'ஏஸ் அட்டர்னி'யில் பொய் சொல்லும் சாட்சி பல வழக்குகளில் குற்றவாளியாகவே முடிகிறார். கதைக்கு அது வசதி. பள்ளியில் பிள்ளைகள் பயத்தில் பொய் சொல்வார்கள், மறதியில் மாற்றிச் சொல்வார்கள். இந்த இடத்தில் விளையாட்டைப் பின்பற்றக் கூடாது என்பது என் கருத்து.

சில வாரங்கள் கழித்து, வகுப்பில் ஒரு மாணவியின் ஜியாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. மூன்று பேர் ஒரே பையனைச் சொன்னார்கள். நான் மூவரையும் தனித்தனியாக அழைத்து, பார்த்ததை மட்டும் எழுதித் தரச் சொன்னேன். மூன்று தாளிலும் இருந்தது ஒரே செய்தி: மதிய இடைவேளையில் அவன் வகுப்பறைக்குள் இருந்தான். எடுத்ததை ஒருவரும் பார்க்கவில்லை. 'எல்லாரும் சொன்னாங்க ஐயா' என்றான் ஒருவன். யாரையும் வகுப்பின் முன் நிறுத்தவில்லை, யாரையும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. பள்ளியில் இருந்த உதிரிக் கருவிகளைச் சேர்த்து அந்த மாணவிக்கு ஒரு பெட்டி கொடுத்தோம். தொலைந்த பெட்டி இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தப் பையன் மறுநாளும் பள்ளிக்கு வந்தான்.

முயன்று பார்ப்பவர்களுக்கு

விளையாட்டில் கொலைகளும் இரத்தமும் உண்டு. அமெரிக்கத் தர மதிப்பீட்டில் இது 13 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. ஆகவே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் இதை நேரடியாகக் கொண்டுபோக வேண்டாம். இதே வழியில் வந்த 'டங்கன்ரோன்பா' என்ற 2010ஆம் ஆண்டு விளையாட்டில், பள்ளிக்குள் அடைக்கப்பட்ட மாணவர்களே ஒருவரையொருவர் கொன்று 'வகுப்பு நீதிமன்றம்' நடத்துகிறார்கள். அது பெரியவர்களுக்கானது. மாணவர் யாரேனும் அந்தப் பெயரைச் சொன்னால் என்னவென்று தெரிந்திருப்பது நமக்கு நல்லது. 'ஏஸ் அட்டர்னி'க்குத் தமிழ் வடிவம் இல்லை. முதல் மூன்று பாகங்களும் ஒரே தொகுப்பாகக் கைப்பேசியிலும் கணினியிலும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. விடுமுறையில் முதல் வழக்கை மட்டும் ஆசிரியர் ஆடிப் பார்த்தால் போதும், முறை பிடிபட்டுவிடும்.

4, 5ஆம் வகுப்புகளுக்கு மூன்று வாக்கியமும் ஒரு சான்றும் போதுமானவை. நாட்காட்டி, பேருந்து நேர அட்டவணை, மழை அளவுக் குறிப்பு, பாடநூலில் உள்ள நிலப்படம் என்று சான்றுக்குப் பஞ்சமில்லை. குழுவுக்கு ஐந்து வாய்ப்பு என்று ஐந்து புளியங்கொட்டைகளைக் கொடுத்துவிடுங்கள். தவறான சான்றை நீட்டினால் ஒன்று போய்விடும், கேள்வி கேட்பதற்கு எதுவும் போகாது. அட்டையில் வரும் சம்பவம் கற்பனையாகவே இருக்கட்டும். வகுப்பில் உண்மையில் நடந்த எதையும், வகுப்பில் உள்ள எவர் பெயரையும் அட்டையில் எழுதாதீர்கள்.

இரண்டாம் பருவத்தில் அட்டை எழுதும் வேலையை 8ஆம் வகுப்பினரிடமே விட்டுவிட்டேன். 6ஆம் வகுப்புக்காக எழுதினார்கள். ஒரே ஒரு வாக்கியம் மட்டும் முரண்படும்படி ஐந்து வாக்கியம் எழுதுவது, முரணைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினமாக இருந்தது. முதலில் எழுதிய அட்டைகளில் மூன்று, நான்கு வரிகள் சான்றோடு மோதின. தம்பி தங்கைகள் அவற்றைச் சுட்டிக்காட்ட, இவர்கள் அழித்து அழித்துத் திருத்தினார்கள்.